காப்பீடு எழுப்பிய மாடிகள்

சென்னையின் அண்ணா சாலை மவுண்ட் ரோடு என்று வழங்கிய நாளில் எழுந்து, ஊரார் வாயில் 14 மாடிக் கட்டடம் என்றே பெயர் பெற்ற எல்.ஐ.சி. கட்டடத்தின் வரலாறு, பெரும்பாலும் அதன் 177 அடி உயரத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஆனால் உயரம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் அதைவிட உயர்ந்தது என்பதோடு, அதற்கு ஏறக்குறைய 950 ஆண்டுகள் மூத்ததும் ஆகும். விமானத்தின் உட்புறம் வெற்றிடமாக இருக்க, இங்கோ ஒவ்வொரு தளத்திலும் மனிதர் அமர்ந்து கணக்கெழுதினர் என்பதே புதுமை. அத்தகைய உயரம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அது காப்பீட்டுத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. துணி வணிகர் துணியை விரித்துக் காட்டலாம். காப்பீட்டு நிறுவனமோ, என்றோ ஒருநாள் பணம் தருவதாக ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு இன்றே தவணைத்தொகை பெறுகிறது. காட்டுவதற்குச் சரக்கு ஏதும் இல்லாத அந்நிறுவனம், தான் நிலைத்து நிற்கும் என்பதற்குச் சான்றாகக் கல்லையும் இரும்பையும் காட்டியது. 1885-இல் சிகாகோவில் வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்த, உலகின் முதல் வானளாவி என்று பலரால் கருதப்படும் 10 மாடிக் கட்டடத்தின் பெயரே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் என்பதாகும். 1909-இல் நியூயார்க்கில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எழுப்பிய மெட்ரோபாலிட்டன் லைஃப் கோபுரம், நான்காண்டுகள் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக நின்றது.

ஜென்னியின் கட்டடத்தில் பாரத்தின் பெரும்பகுதியை உலோகத் தூண்களும் உத்தரங்களும் சேர்ந்த எலும்புக்கூடு போன்ற சட்டகம் சுமந்தது. சுவரே எல்லாப் பாரத்தையும் தாங்கும் பழைய முறையில், மாடி கூடக்கூட அடிச்சுவரும் தடிக்க வேண்டும். அதே சிகாகோவில் 1891-இல் முடிந்த 16 மாடி மொனாட்னாக் கட்டடத்தின் அடிச்சுவர் 6 அடி தடிமன் கொண்டது. கடை வைத்து வாடகை ஈட்ட வேண்டிய தரைத்தளத்தைச் சுவரே விழுங்கிவிடும் அந்நிலையைச் சட்டகம் மாற்றியது. சென்னையில் அச்சட்டகம், கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட்டாக, அதாவது இழுவிசையை இரும்பும் அழுத்தத்தைக் கலவையும் பகிர்ந்துகொள்ளும் முறையில் அமைந்தது.

சென்னைக் கட்டடத்தை எண்ணிப் பார்த்தவர், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காக 1953-இல் அவர் தொடங்கிய பணி முடியுமுன், 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956-இல் நடுவண் அரசு ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்கி, இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை அமைத்தபோது, பாதியில் நின்ற சட்டகமும் அதன் சொத்தாயிற்று. லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் ஆகியோர் வரைந்த கட்டடத்தைச் சென்னைக் கட்டடக்கலைஞர் எல்.எம். சித்தாலே நிறைவு செய்ய, 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். ஒரு தனி வணிகர் தம் நிறுவனத்தின் பெருமைக்காகத் தொடங்கியது, அரசின் புதிய நிறுவனத்திற்கு முகமாகிவிட்டது. கிராமத்து நாயகன் பட்டணம் வந்து சேர்ந்ததைக் காட்டத் தமிழ்த் திரைப்படங்களுக்குப் பின்னாளில் ஒரு காட்சி போதுமானதாயிற்று. சென்ட்ரல் நிலையத்திற்கு அடுத்து அது இக்கட்டடமே.

1975-இல் இக்கட்டடத்தில் பெருந்தீ பற்றியது. இடரிலிருந்து காப்பதாக வாக்களிக்கும் நிறுவனத்தின் மாடிகளே எரிந்ததை ஊர் கூடி அண்ணாந்து பார்த்தது. ஆயினும் சட்டகம் சாயவில்லை. பழுது நீக்கப்பட்டு அலுவல் மீண்டும் தொடங்கியது.

அதைவிட உயர்ந்த கட்டடங்கள் சென்னையில் இன்று பல உள்ளன. அவற்றுள் எதுவும் பேருந்து நிறுத்தத்திற்கு இவ்வளவு உறுதியாகப் பெயர் தந்ததில்லை. 2019-இல் அதே சாலைக்கு அடியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்திற்கும் எல்.ஐ.சி. என்றே பெயர் வைத்தார்கள். செட்டியாரின் பெயர் அந்நிலையத்தின் பெயர்ப்பலகையில் இல்லை.