களையும் களைக்கொல்லியும்

உத்திரமேரூரில் என் பழைய மாணவர் ஒருவரது நெல்வயலில், களைக்கொல்லி தெளித்த பின்னும் குதிரைவாலிக் களைகள் சில நின்றன. "மருந்தின் அளவைக் கூட்டலாமா, ஐயா?" என்றார்.

தோற்றத்தில் ஒன்றேயாயினும், களைச்செடிகள் மரபணுவில் வேறுபட்டவை. மருந்தைத் தாங்கும் இயல்பு பிறவியிலேயே வாய்த்தவை சில இருத்தல் கூடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், ஏனையவை மடியும். இவை விதை உதிர்த்துப் பெருகும். மருந்து அவ்வியல்பைப் படைப்பதில்லை. ஆயினும் நம் ஊர்க் குடவோலைபோல் கண்மூடி எடுப்பதன்று, வல்லதையே தேர்ந்தெடுக்கிறது. 1990களில் அரியானாக் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானுக்கு அடங்காத களை பெருகியது இங்ஙனமே.

"கூட்ட வேண்டா, வேறு வகையில் செயற்படும் மருந்துக்கு மாறுங்கள். நின்றவற்றை விதை உதிருமுன் கையால் பறித்துவிடுங்கள்" என்றேன். உங்கள் வயலிலும் எஞ்சிய களைகளை எண்ணிப் பாருங்கள்.