அந்தமான் சிறையைப் பார்த்தேன், சேலம் சிறையை நினைத்தேன்

(பிப்ரவரி 11, சேலம் சிறைத் தியாகிகள் நாளையொட்டி காஞ்சிபுரம் மாவட்டம் தாமலில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு அக்கா என்கிட்ட கேட்டாங்க: "ஏரி வரத்துக்கால் தூர் வாரணும்னு மனுவுல கையெழுத்துப் போடச் சொல்றீங்க. போட்டா கேஸ் கீஸ் வந்துடுமா தம்பி?" அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஆனா அதுக்குக் கொஞ்சம் தூரம் போயிட்டு வரணும்.

சமீபத்துல அந்தமானுக்குப் போயிருந்தேன். போர்ட் பிளேர்; இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. அங்க செல்லுலார் சிறையைப் பார்த்தேன். வாசல்ல டிக்கெட் வாங்கித்தான் உள்ள போகணும். ஒரு காலத்துல உள்ள போனவன் திரும்பி வருவானான்னு வீட்டுல அழுதாங்க. இன்னைக்குக் குடும்பத்தோட போய் போட்டோ எடுத்துட்டு வர்றோம்.

1896-ல கட்ட ஆரம்பிச்சு 1906-ல முடிச்ச சிறை அது. நடுவுல ஒரு கோபுரம், அதைச் சுத்தி ஏழு கிளைகள், மூணு மாடி, 693 கொட்டடி. ஒரு கொட்டடிக்கு ஒரு ஆள். ஒரு கிளையோட முகப்பு அடுத்த கிளையோட முதுகைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கான். எதிர்ல இருக்கவன் முகம் கூடத் தெரியக்கூடாது. தாழ்ப்பாளைச் சுவருக்குள்ள தள்ளி வெச்சிருக்கான், உள்ள இருக்கவன் கைக்கு எட்டாது. நம்ம வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கு இழுத்தாரே, அதே மாதிரி இங்கேயும் செக்கு. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டணும். குறைஞ்சா அடி.

வெள்ளைக்காரன் இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டினது எதுக்கு? ஒருத்தனும் இன்னொருத்தனும் பேசக் கூடாதுன்னுதான். ரெண்டு பேர் பேசினா சங்கம் ஆயிடும்னு அவனுக்குத் தெரியும்.

அப்படியும் சங்கம் ஆச்சு தோழர்களே! 1933 மே மாசம் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தாங்க. வெளிச்சம் கொடு, படிக்கப் புத்தகம் கொடு, மனுஷனா நடத்து, இதுதான் கோரிக்கை. வலுக்கட்டாயமா பாலை ஊத்தினான். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா, மூணு பேர் செத்தாங்க. மகாவீர் சிங், பகத்சிங்கோட தோழர். 46 நாள் போராட்டத்துக்குப் பிறகு அரசு இறங்கி வந்துச்சு. புத்தகம் வந்துச்சு. கொட்டடி பள்ளிக்கூடம் ஆச்சு. 1935-ல அந்தச் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கைதிகள் அமைப்பாத் திரண்டாங்க. அதுல ஒருத்தர் ஹரே கிருஷ்ண கோனார். பின்னாடி மேற்கு வங்கத்துல நிலத்துறை அமைச்சராகி, நிலமில்லாதவனுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டவர்.

இன்னொரு விஷயம். ஏழு கிளையில் இன்னைக்கு நிக்கிறது மூணுதான். சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம ஆட்களே கூட இடிச்சிருக்காங்க. அங்க அடைபட்டிருந்த பழைய கைதிகள்தான் "எங்க வரலாற்றை இடிக்காதே"ன்னு குரல் கொடுத்து மிச்சத்தைக் காப்பாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் அது தேசிய நினைவுச் சின்னம் ஆச்சு. நினைவுச் சின்னமும் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது இல்ல. அதுவும் போராடி வாங்கினதுதான்.

அறிவிச்ச தேதி என்ன தெரியுமா? 1979 பிப்ரவரி 11. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாட்டுக்கு அர்ப்பணிச்சார்.

பிப்ரவரி 11! நமக்கு அது எந்த நாள்?

1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறை. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாள். "எங்களை அரசியல் கைதிகளா நடத்து"ன்னு கேட்ட கம்யூனிஸ்ட் தோழர்கள் மேல சிறைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தாங்க. பத்தொன்பது பேர் கேரளத்துத் தோழர்கள், மூணு பேர் தமிழ்நாட்டுத் தோழர்கள். பெரும்பாலும் விவசாயிங்க. அந்தமான்ல கேட்ட அதே கோரிக்கையைத்தான் இவங்களும் கேட்டாங்க. ஆனா சுட்டது வெள்ளைக்காரன் இல்ல. நம்ம சொந்த அரசு.

அதனாலதான் சொல்றேன். வெள்ளைக்காரன் கட்டின சிறையில பூ வைக்கிறது சுலபம். அவன் போயிட்டான், யாருக்கும் சங்கடம் இல்ல. நம்ம அரசு சுட்டதை நினைவு வெச்சிக்கிறதுதான் கஷ்டம். சேலம் சிறை இன்னைக்கும் சிறையாத்தான் இயங்குது. அங்க ஒலி ஒளிக் காட்சி கிடையாது. இந்த மாதிரித் தெருமுனையில் நாம பேசினாத்தான் அந்த 22 பேருக்கு நினைவு.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. பாலாறு தாண்டினா செய்யாறு. அங்க மேல்மாவுல சிப்காட்டுக்கு விளைநிலத்தைத் தர மாட்டோம்னு விவசாயிகள் போராடினாங்க. 2023 நவம்பர்ல ஏழு பேர் மேல குண்டர் சட்டம்! ஏர் பிடிச்சவன் குண்டரா? தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லேயே ஆறு பேர் மேல போட்டதை ரத்து பண்ணினாங்க. 2022 அரசுக் கணக்கைப் பாருங்க. இந்தியச் சிறைகள்ல 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேர்ல மூணு பேர் குற்றவாளின்னு தீர்ப்பே ஆகாம உள்ள இருக்காங்க. ஜாமீனுக்கு வழியில்லாத ஏழைகள் அதுல எத்தனை பேர்!

இப்ப அந்த அக்காவுக்குப் பதில். கேஸ் வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மனு கொடுக்கிறது சட்டப்படி உங்க உரிமை. ஆனா தனியாப் போனா மிரட்டுவாங்க. ஊரே சேர்ந்து போனா யோசிப்பாங்க. மேல்மாவுல ஆறு பேர் வெளிய வந்தது அப்படித்தான். கொட்டடியில் முகம் பார்க்க முடியாதவங்களே ஒண்ணு சேர்ந்தாங்க. நாம தினம் ஒரே தெருவுல, ஒரே குழாயடியில் பார்த்துக்கிறோம். நம்மால முடியாதா?

பக்கத்துல உத்திரமேரூர்ல ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின குடவோலைக் கல்வெட்டு இருக்கு. வெளியூர்க்காரன் வந்தா பெருமையாக் காட்டுறோம். ஆனா அந்தக் கல்வெட்டுல ஏழைக்கு இடமில்ல. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவனுக்குத்தான் ஓலையில பேர். இன்னைக்கு கிராம சபையில கூலி வேலை செய்யுற அக்காவுக்கும் பேச உரிமை இருக்கு. அதை வாங்கிக் கொடுக்கத்தான் எத்தனையோ பேர் சிறைக்குப் போனாங்க.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. ஏரியைப் பத்திப் பேசுறதுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க. மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. ரெண்டாவது கையெழுத்து, அக்கா, உங்களோடதா இருக்கட்டும்.

சேலம் சிறைத் தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!
அந்தமான் தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!


#சேலம்_சிறைத்_தியாகிகள் #பிப்ரவரி11