மலையில் ஒரு பச்சிலை



நம் வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு கூப்பிடு தூரம்தான். அங்கே நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்குகிறோம். பட்டை வாங்குகிறோம். இவற்றின் குணத்தை முதலில் அறிந்தவர்கள் யார்? காட்டில் வாழ்ந்தவர்கள்.

நம் மாவட்டத்தின் கிழக்கே அகத்தியமலை இருக்கிறது. அங்கே காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசத்திலும் காணிகள் உண்டு.

பழைய முறையில் வாழ்ந்தால் வளமாக இருக்க முடியுமா? நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

1987-ம் ஆண்டு டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் அந்த மலைக்குப் போனார்கள். காணிக்காரர்கள் வழி காட்டினார்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிக்காரர்களுக்குக் களைப்பே இல்லை. நடுநடுவே ஏதோ ஒரு சிறு காயை மென்றார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. முன்னோர் காத்த ரகசியம் அல்லவா? வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள தாவர ஆய்வு நிலையம் அதை ஆராய்ந்தது. இலையிலும் சக்தி இருந்தது. வேறு சில மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். 1995-ல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று அதைத் தயாரிக்க உரிமை பெற்றது. 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. விற்பனையில் 100-க்கு 2 ரூபாய் தரவும் சம்மதித்தது. இதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஆய்வு நிலையம் முடிவு செய்தது.

நல்ல முடிவுதான். ஆனால் ஒப்பந்தம் செய்தவர்கள் ஆய்வு நிலையமும் நிறுவனமும் மட்டுமே. காணிக்காரர்களின் கையெழுத்து அதில் இல்லை. எங்களைக் கேட்கவில்லையே என்று சில மூப்பன்மார் வருந்தினார்கள். பணம் வாங்க 1997-ல்தான் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பணம் வந்தது 1999-ல்.

சரி, இலையைப் பயிர் செய்து விற்கலாமே? சில குடும்பங்கள் பயிர் செய்தன. வனத்துறை தடுத்தது. செடி அழிந்துவிடும் என்று அஞ்சியது. அந்த அச்சத்திலும் நியாயம் உண்டு. இலையை மட்டும் கிள்ளினால் செடி மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கினால்?

முன்பு காணிக்காரர்கள் ஓரிடத்தில் காட்டைத் திருத்திப் பயிரிடுவார்கள். பிறகு வேறிடம் போவார்கள். விட்ட இடத்தில் காடு மீண்டும் வளரும். காடு பரந்து கிடந்தது, ஆட்கள் குறைவு. அதனால் அது நிலைத்தது. காட்டுக்கு எல்லைக் கல் நட்ட பிறகு அந்த வழி அடைபட்டது. காட்டு வாழ்க்கையில் பசியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யானை வந்து மரவள்ளியைத் தின்றுவிட்டுப் போகும். நோய் வந்தால் ஆஸ்பத்திரி தூரம்.

அவர்களுக்கு அறிவு இருந்தது. மண்ணின் மேல் உரிமை இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பரம்பரையாகச் சேகரித்த தேன், மூலிகை முதலியவற்றை எடுக்கவும் விற்கவும் அது உரிமை தருகிறது. மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. ஊரார் கூடி, மனுவை உரக்கப் படித்துக் கேட்டுத் தீர்மானம் செய்யலாம்.