ஏசி பூட்ட முன்

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் புங்குடுதீவுக்கு வருகிறார்கள் என்றதும், ஓர் அறைக்காவது ஏசி பூட்டுவோமா என்ற பேச்சு எழும். கடையில் சொல்லும் விலை பெட்டிக்கு மட்டும்தான். தனி வயர், பிரேக்கர், எர்த், செப்புக் குழாய், பூட்டுகூலி எல்லாம் அதற்கு மேலே. ஓட்டு வீடென்றால் முதலில் சீலிங் அடிக்க வேண்டும். இல்லையேல் குளிர் ஓட்டிடுக்கால் போய்விடும்.

12,000 பி.ரி.யு. இன்வெர்ட்டர் ஏசி இரவு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 5 யுனிட், மாதம் 150. ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் சேர்ந்தால் 180 தாண்டும். தாண்டிய ஒவ்வொரு யுனிட்டுக்கும் ஆகக்கூடிய கட்டணம்.

இவற்றைவிடப் பெரிய செலவு உப்பு. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் கடற்காற்றில் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். சோளகம் நேரே அடிக்கும் சுவரில் அதை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடிக்கடி கழுவுங்கள், ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் அல்ல. அது உப்பின் மேல் உப்பு. பவுசரில் வாங்கும் நல்ல தண்ணீரை இதற்கு ஊற்ற யாருக்குத்தான் மனம் வரும்? ஏசியின் குழாயால் வடிவது காற்றின் ஈரம், அதில் உப்பில்லை. வாளியில் பிடித்து அதையே பாவியுங்கள். குடிக்க மட்டும் வேண்டாம்.

முதியவர், நோயாளி உள்ள வீட்டில் தாராளமாகப் பூட்டுங்கள், 26 பாகையில் வையுங்கள். இரண்டு கிழமை விடுமுறைக்காக மட்டும் கடன்பட்டுப் பூட்டாதீர்கள்.