எந்தக் கிழமை பிறந்தீர்கள்?



மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், குமாசி நகரை அடுத்த ஒரு கிராமப் பங்கில் சில மாதங்கள் மறைக்கல்விப் பணிக்கு உதவச் சென்றிருந்தோம். முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஊர், எந்த மறைமாவட்டம் என்று கேட்கவில்லை. "எந்தக் கிழமை பிறந்தீர்கள்?" என்றார்கள். அக்கான் மக்களிடையே பிறந்த கிழமையே ஒருவருக்கு முதல் பெயர். ஞாயிறு பிறந்த ஆண் குவாசி, பெண் அக்கோசுவா. வெள்ளி பிறந்தவர் கோஃபி. ஐ.நா. பொதுச் செயலராயிருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர்.

நாங்கள் விழித்தோம். தேதி கேட்டால் ஒப்பித்துவிடுவோம், கிழமை? எங்களில் மூத்த குருவானவருக்கோ தேதியே சந்தேகம். பள்ளியில் சேர்க்கப்போன அன்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளை எழுதிக்கொண்டாராம். நம்மூரில் மூத்தவர்கள் பலருக்கும் இதே கதைதான்.

கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமாவுக்கும் அப்படியே. அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த கத்தோலிக்கக் குரு 1909 செப்டம்பர் 21 என்று பதிந்தார். அது வெறும் ஊகம் என்று நிக்ருமாவே எழுதியிருக்கிறார். அந்தத் தேதி செவ்வாய்க்கிழமை! ஆனால் அவர் பிறந்தது சனிக்கிழமை. குவாமே என்றாலே சனி பிறந்தவன். ஏட்டில் எழுதியவர் நம் குருவானவர்தான். கிழமையை மறக்காதவர் தாய்.

பிறந்த எட்டாம் நாள் குழந்தையை வெளியே கொண்டுவந்து பெயரிடுகிறார்கள். நாவில் நீர்த்துளி, பிறகு மதுத்துளி வைத்து, நீரை நீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லப் பழகு என்கிறார்கள். எலிசபெத்தின் வீட்டில் உறவினர் கூடியதும் எட்டாம் நாளே. குழந்தைக்கு யோவான் என்று பெயர் சொன்னது தாய். பேச்சிழந்த செக்கரியா பலகையில் எழுதியது பிறகுதான்.

அன்றிரவு மூத்தவர் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். குருப்பட்டம் பெற்றதிலிருந்து தாய் அவரைச் 'சாமி' என்றுதான் அழைப்பார். "எந்தக் கிழமைம்மா நான் பொறந்தேன்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பெரிய வியாழன். கோயில்ல பாதங்கழுவுற நேரம். அப்பா பன்னிரண்டு பேர்ல ஒருத்தரா உக்காந்திருந்தாரு, ஆள் விட்டுக் கூப்பிட்டோம். இத்தன வருசமா இத யாருமே கேக்கலியே ராசா."

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தவறான நாளில் அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறோம். அருகிலேயே இருந்தவரிடம் கேட்கத் தோன்றவில்லை. நேயர்களே, உங்கள் தாய் உயிரோடிருந்தால் இன்று மாலையே கேளுங்கள். காலம் கடந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர் ஒருவரிடமாவது கேளுங்கள்.

அங்கே பிறந்தநாள் காலையில் 'ஓட்டோ' உண்பார்கள். கிழங்கை வேகவைத்து மசித்து, செம்பனை எண்ணெயில் பிசைந்து, மேலே அவித்த முட்டை வைப்பார்கள். அந்த வாரமே அந்தப் பெண்கள் அதைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். "இன்று அவர் பிறந்தநாள் இல்லையே?" என்றோம்.

"வியாழன்தானே, ஃபாதர் யாவ்" என்று அவர் தட்டில் இரண்டு முட்டைகளை வைத்தார்கள்.