ஒரு பைசா எங்கே போச்சு? டைப் காஸ்டிங் பற்றி ஒரு பேச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு டைப் காஸ்டிங். "இதெல்லாம் முதல் செமஸ்டர்லயே முடிச்சாச்சே"ன்னு ஸ்கிப் பண்ணப் போறவங்க ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்போ ரீஃபண்ட் கணக்குப் போடுற கோட் என் கையில இருந்தது. பைத்தான். ரூபாயை நூறால பெருக்கி, இன்ட் போட்டு, பைசாவா மாத்தி அனுப்பணும். ஒரே வரி. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஏன்னா டெஸ்ட்டுக்கு நான் கொடுத்த தொகை எல்லாம் 100, 250, 499.50 மாதிரி சாதுவான எண்கள்.

ஒரு மாசக் கடைசி. ராத்திரி பத்து மணிக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, சில ரீஃபண்ட்ல ஒரு பைசா இடிக்குது."

"ஒரு பைசாதானேக்கா"ன்னு சிரிச்சேன்.

"ஒரு பைசான்னாலும் காரணம் தெரியாம எப்படிப்பா கணக்கை மூடுறது? இன்னைக்கு ஒரு பைசா. நாளைக்கு?"

சிரிப்பு நின்னுபோச்சு. லேப்டாப்பைத் திறந்து 19.99-ஐ நூறால் பெருக்கிப் பார்த்தேன். 1999 வரணும் இல்லையா? வந்தது 1998.9999999999998. பத்தை மூணால வகுத்தா 3.333-ன்னு முடியாம போகுமே, அதே மாதிரி 19.99-ஐ பைனரியில் முழுசா எழுத முடியாது. கிட்டத்தட்ட ஒரு மதிப்பைத்தான் கம்ப்யூட்டர் வெச்சுக்கும். அது மேல நான் இன்ட் போட்டேன். இன்ட் ரவுண்ட் பண்ணாது. புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதை வெட்டி எறியும். 1998 பைசா. எரர் இல்லை, வார்னிங் இல்லை. வாடிக்கையாளருக்கு ஒரு பைசா குறைவு.

அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது இதுதான். காஸ்ட் பண்றதுன்னா டைப்பை மாத்துறது மட்டும் இல்லை. "இந்த மதிப்பு புது டைப்புக்குள்ள அடங்கலைன்னா என்ன நடக்கணும்?" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்றோம். நாம யோசிச்சுச் சொல்லலைன்னா, மொழி தானா ஒரு பதில் வெச்சிருக்கும்.

அந்தப் பதில் மொழிக்கு மொழி மாறும். ஜாவாவில் 40000-ஐ ஷார்ட்டா காஸ்ட் பண்ணுங்க. ஷார்ட்டோட எல்லை 32767. அதனால -25536 கிடைக்கும். அடைப்புக்குறிக்குள்ள டைப் பேரை எழுதினதும் "சரி, உன் பொறுப்பு"ன்னு கம்பைலர் ஒதுங்கிக்கும். அதே ஜாவாவில் லாங்கை இன்ட் ஆக்க டூஇன்ட்எக்ஸாக்ட்னு ஒரு மெத்தட் இருக்கு. அடங்கலைன்னா எக்ஸெப்ஷன் வீசும். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னொரு கூத்து: காலி ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்க்ஷன்ல போட்டா 0 வரும். ஃபார்ம்ல யாரோ தொகையை நிரப்பவே இல்லை; உங்க கோட் அதை "பூஜ்யம் ரூபாய்"னு எடுத்துக்கும். "சொல்லலை" என்பதும் "பூஜ்யம்" என்பதும் ஒண்ணா?

அப்போ எக்ஸெப்ஷன் வர்ற வழியை எடுத்தா போதுமா? போதாது. அதுக்கு ஒரு நிஜக் கதை இருக்கு.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் குரூ ஏவுதளம். ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட்டுக்கு முதல் பயணம். மேலே நாலு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். கிளம்பி சுமார் 40 விநாடியில் ராக்கெட் திசை மாறி வெடிச்சுச் சிதறியது.

காரணம் ஒரு கன்வெர்ஷன். ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோட தொடர்புடைய ஒரு 64 பிட் ஃப்ளோட் மதிப்பை 16 பிட் இன்டிஜரா மாத்தினாங்க. கோட் அரியான் 4-லேர்ந்து வந்தது. பழைய ராக்கெட்டில் அந்த மதிப்பு எல்லையைத் தாண்டாது. அரியான் 5-ன் பாதை வேற, கிடைமட்ட வேகம் ரொம்ப அதிகம். மதிப்பு அடங்கலை.

இங்க கவனிங்க: இது என் கோட் மாதிரி அமைதியா பொய் சொல்லலை. அடா மொழி எக்ஸெப்ஷன் எழுப்பியது. ஆனா அதைப் பிடிக்க அந்த இடத்துல யாரும் இல்லை. இத்தனைக்கும் ஆபத்துள்ள ஏழு வேரியபிள்களை அடையாளம் கண்டு, நாலுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாங்க. ப்ராசஸர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு இலக்கு இருந்ததால மூணை விட்டுட்டாங்க. எக்ஸெப்ஷன் வந்தா கம்ப்யூட்டரை நிறுத்திடணும் என்பது டிசைன். நின்னது. பேக்கப்பிலும் அதே கோட். அது முன்னாடியே நின்னுபோயிருந்தது. கொடுமை என்னன்னா, அந்தக் கணக்கு அரியான் 5-க்குக் கிளம்பின பிறகு தேவையே இல்லை.

அதனால இப்போ காஸ்ட் எழுதும்போது மூணு கேள்வி கேட்டுக்கிறேன்.

முதல்ல, இந்த காஸ்ட் வேணுமா? என் ரீஃபண்ட் கோடுக்கு உண்மையான மருந்து இன்ட்டுக்குப் பதிலா ரவுண்ட் போடுறது இல்லை. பணத்தை முதல்லேர்ந்தே பைசாவா, முழு எண்ணா வெச்சுக்கணும். இல்லைன்னா டெசிமல். அதையும் 19.99 என்ற ஸ்ட்ரிங்லேர்ந்து உருவாக்கணும். ஃப்ளோட்லேர்ந்து உருவாக்கினா பழைய பிழையும் கூடவே வந்துடும்.

ரெண்டாவது, அடங்கலைன்னா வெட்டணுமா, ரவுண்ட் பண்ணணுமா, கத்தணுமா? வெளியிலேர்ந்து வர்ற டேட்டான்னா எனக்குக் கத்துறதுதான் பிடிக்கும். மீட்டர்ல வெப்பநிலை காட்டுறதுக்கு வெட்டினாலும் குத்தமில்லை.

மூணாவது, கத்தினா யார் கேட்பாங்க? அங்க என்ன செய்வாங்க? இதுக்குப் பதில் இல்லாம எக்ஸெப்ஷனை நம்பாதீங்க.

அன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குக் காரணத்தை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். காலையில பதில் வந்திருந்தது: "இப்போ மூடலாம்."

உங்க கோட்ல இன்ட் போட்ட இடங்களை இன்னைக்கு ஒருமுறை தேடிப் பாருங்க. 19.99-ஐக் கொடுத்தும் டெஸ்ட் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.