காலைக் கடனைப் பாக்கி வைக்காதீர்கள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திண்டுக்கல் பிரியாணிக்கு இலை போடும் நேரத்தில் மலச்சிக்கலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள்! விடுதியில் வாளியோடு வரிசையில் நின்று, "முதல் மணி அடிச்சாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓடியவர்கள்தானே நாம்? அப்படி அடக்கினால் பெருங்குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். நாளடைவில் உணர்வே மந்தமாகிவிடும்.

நான் டாக்டர் அல்ல. ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார். எனக்குத் தெரிந்தவரை, பாதி மருந்து நம்ம ஊர்ச் சந்தையிலேயே இருக்கிறது. ஆயக்குடிக் கொய்யா இருக்கிறதே, கொய்யாப்பழம் 100 கிராமில் சுமார் 5 கிராம் நார்ச்சத்து. சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைப் பழங்களை நன்றாகப் பழுத்த பிறகு சாப்பிடுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வராத காய்கறி உண்டா? அவரை, வெண்டை, கீரை தினமும் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் கம்பு, சோளம். இரவு ஊறப்போட்ட உலர்திராட்சையும் நல்லது. இசப்கோல் போட்டால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள். இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

காலையில் சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். நிலாவாரை, விளக்கெண்ணெய் எல்லாம் எப்போதாவதுதான். அன்றாடப் பழக்கமாக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. என் அப்பாவுக்கு 62 வயதில் திடீரென்று மலச்சிக்கல் வந்தது. ஆறு மாதம் விளக்கெண்ணெய்தான். ரத்தம் போனபோது, "மூலம்டா, உடம்புச் சூடு" என்றார். விலங்கியல் படித்த நானும் கருணைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை.

ஆகவே நண்பர்களே, நடுவயதுக்குப் பிறகு பழக்கம் திடீரென்று மாறினாலோ, எந்த வயதிலும் ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, வயிறு உப்பி வாந்தி வந்தாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், தைராய்டு குறைபாடும்கூட மலத்தை இறுக்கும். அதையும் அவரிடம் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஊருக்குப் போனதும் பெரியவர்களிடம், "தாத்தா, வெளிக்குப் போறதெல்லாம் சரியா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

சரி, இலை காத்திருக்கிறது. தயிர் வெங்காயத்தையும் விடாமல் சாப்பிடுங்கள்.